இடியில் போன பவர் ஆம்ப்: ஏற்காட்டு வீட்டுக்கு அடுத்தது எதை வாங்கலாம்?

காபிக்காடு (நாகலூர், ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் இடி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அப்படி ஒரு தடவை திரும்பி வந்தபோது ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பில் ‘டப்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை. இப்போது ஆன் செய்தால் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே ‘டிக்’ என்று போடுவதே இல்லை. சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூடக் கழற்றாமல், “டிரான்ஸ்பார்மர் போயிருக்கும், புதுசு வாங்கிக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பீக்கர்கள் இரண்டும் தப்பித்தன, அதுவரை நிம்மதி.

பிரீ ஆம்ப் (வால்யூம் குமிழ் உள்ள முன் பெட்டி) தனியாக இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. ஆகவே இரண்டு சானல் பவர் ஆம்ப் மட்டும் போதும். ஸ்பீக்கர் தரையில் நிற்கும் ரகம். 87 டெசிபல், 6 ஓம், குறைந்தபட்சம் 3.5 ஓம் என்று பின்னால் ஒட்டியிருக்கிறது. ஹால் 14க்கு 18 அடி, மேலே ஓடு, அதற்குக் கீழே மரப்பலகை. உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து 10 அடியில். கேட்பது முக்கால்வாசி நாதஸ்வரம் தவில் கச்சேரி, மீதி பழைய சினிமாப் பாட்டு.

200 வாட்டுக்குக் குறைந்தால் தவில் அடி எடுபடாது என்கிறார் மச்சான். பட்ஜெட் 60,000 ரூபாய். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இருட்டினால் எங்கள் லைனில் வோல்டேஜ் 190க்கு இறங்கிவிடும். எதை வாங்கலாம்?

தறிச்சத்தம் (அம்மாபேட்டை)

மச்சான் சொல்வது சரிதான். வாட் கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? நான் 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு போட்ட அசெம்பிள்டு செட் வைத்திருக்கிறேன், சானலுக்கு 300 வாட். சுற்றிலும் விசைத்தறி ஓடும்போதும் பாட்டு தெளிவாகக் கேட்கிறது. உங்கள் பட்ஜெட்டில் பாதிகூட ஆகாது.

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

காபிக்காடு அண்ணா, மாடல் பேரெல்லாம் அப்புறம். உங்கள் ஹாலுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதை நாங்கள் யாரும் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே அளந்துவிடலாம். அந்த எண் கையில் இல்லாமல் ஆம்ப் வாங்கப் போனால் விற்பவர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் உத்தேசமாக ஒன்று. 87 டெசிபல் என்றால் 1 வாட் அளவுக்கு ஓட்டும்போது 1 மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம். 10 அடி தள்ளி உட்கார்ந்தால் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், அறைச் சுவரும் கொஞ்சம் கொடுக்கும். எல்லாம் போக 1 வாட்டுக்கு 84 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே வீட்டில் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். 10 வாட்டுக்கு 94, 20 வாட்டுக்கு 97. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 100 வாட் ஆம்ப்பை விட்டு 200 வாட் வாங்கினால் காதுக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவு பெரிதில்லை.

ஆனால் தவில் விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நாதஸ்வரம் நீட்டி வாசிப்பதற்கு ஆம்ப் அரை வாட் கொடுத்துக்கொண்டிருக்கும். கூடு போட்ட விரல் தவிலில் விழும் அந்த நொடி மட்டும் 20 டெசிபல் மேலே தாவலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு, அரை வாட் 50 வாட் ஆகிவிடும். அந்தத் தாவலுக்கு இடம் இல்லாத ஆம்ப்பில் அடி மழுங்கிப்போகும். ‘கம்மி வாட்டில் உயிர் இல்லை’ என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதைத்தான்.

சரி, அளப்பது எப்படி? யாரிடமாவது சின்ன இன்டகிரேட்டட் ஆம்ப் (பிரீ, பவர் இரண்டும் ஒரே பெட்டியில் உள்ளது) ஒன்றைக் கடன் வாங்குங்கள். உங்களுக்குப் பிடித்த கச்சேரியைப் போட்டு, இதற்கு மேல் வைக்கவே மாட்டேன் என்ற அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள். அதன்பின் வால்யூமைத் தொடக்கூடாது. ஆஃப் செய்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஏற்ற இறக்கமில்லாத ஒரே ஒலி), −12 டெசிபல் அளவில் ஒரு ஃபைல் போனிலேயே செய்துகொள்ளலாம். கச்சேரி வந்த அதே வழியில் அதை ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் படியுங்கள். சாதாரண மீட்டர் 100 ஹெர்ட்ஸைச் சரியாகக் காட்டிவிடும். வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். டிஜிட்டல் பதிவில் உச்சம் 0 டெசிபலைத் தாண்டாது. −12 என்பது அதில் கால் பங்கு வோல்டேஜ். அதனால்தான் நான்கு. அந்த வோல்டேஜை வர்க்கம் செய்து ஓமால் வகுத்தால் உங்கள் வாட்.

கடன் வாங்குவது வால்வு ஆம்ப்பாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து.

வால்வு வெளிச்சம் (கோரிமேடு)

நாதஸ்வரத்துக்கு வால்வைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈஎல்34 வால்வு ஜோடி போட்ட புஷ்-புல் ஆம்ப், 35 வாட். சீவாளியின் அந்தக் கரகரப்பும் இனிப்பும் சேர்ந்து வரும் இடம் டிரான்சிஸ்டரில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஏற்காட்டுக் குளிரில் அதன் சூடும் தொந்தரவு இல்லை.

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

அண்ணா, உங்கள் காதை நான் மறுக்கவில்லை, அந்த வித்தியாசம் நிஜம். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபீட்பேக் (அவுட்புட்டைத் திரும்ப உள்ளே கொடுத்துத் தவறைத் திருத்துவது) குறைவான வால்வு ஆம்ப்பின் உள் தடை 2 ஓம் வரைகூட இருக்கும். ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே ஓம் காட்டுவதில்லை. ஒரு இடத்தில் 3.5, இன்னொரு இடத்தில் 20. உள் தடை 2 ஓம் என்றால் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 3 டெசிபல் வித்தியாசம் விழுந்துவிடும். ஸ்பீக்கரின் குரலே மாறுகிறது. சில ஸ்பீக்கரில் அது இனிக்கும், சிலதில் பாஸ் குழைந்துபோகும். இவருடையது 3.5 வரை இறங்குகிறதே, அதுதான் யோசனையாக இருக்கிறது.

பெட்டியின் பின்னால் உள்ள ஓமை மட்டும் நம்பவும் கூடாது. கேஇஎஃப் எல்எஸ்50 ஸ்பீக்கருக்கு 8 ஓம் என்று போட்டு, குறைந்தபட்சம் 3.2 என்று கம்பெனியே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த 3.2தான் ஆம்ப்பிடம் கரண்ட் கேட்கும். வாங்கும்போது 4 ஓமுக்கு எத்தனை வாட் என்று தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓமை விட 4 ஓமில் நன்றாகக் கூடியிருந்தால் சப்ளையில் கை நிறைய கரண்ட் இருக்கிறது என்று பொருள்.

வால்வு வெளிச்சம் (கோரிமேடு)

அந்த 3 டெசிபல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் ஒரு ரசனைதான். ஆனால் 190 வோல்ட் என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். 230க்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 190 வந்தால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.2தான் கிடைக்கும். அதன் உள்ளே உள்ள கேத்தோடு போதுமான அளவு சூடாகாமல் தினமும் ஓடினால் வால்வின் ஆயுள் போய்விடும். நல்ல ஸ்டெபிலைசர் இல்லாமல் அந்த வீட்டுக்கு வால்வு வேண்டாம். இதை நானே சொல்கிறேன்.

புது ஆள் (சூரமங்கலம்)

டிபிஏ3255 சிப் போட்ட சின்னப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 300+300 வாட் என்று போட்டிருக்கிறது, கூடவே 48 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர். காபிக்காடு சாருக்கு அது போதாதா? கையளவுதான் இருக்கிறது, நம்பலாமா?

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

48ஐ 5ஆல் பெருக்குங்கள், 240 வாட். சுவரிலிருந்து வருவதே அவ்வளவுதான், 600 எங்கிருந்து வரும்? இந்த வாட் வியாபாரத்துக்காகவே அமெரிக்காவில் 1974இலேயே விதி போட்டார்கள்: எத்தனை ஓம், எவ்வளவு டிஸ்டார்ஷன், எந்த ஃப்ரீக்வென்சி வரை என்று சொல்லாமல் வாட் விளம்பரம் செய்யக்கூடாது என்று. நம் ஊரில் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்) என்று டேப் ரிக்கார்டரில் ஆயிரக்கணக்கில் வாட் ஒட்டி விற்றதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்தச் சிப் மட்டமில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு, நேர்மையாகக் கணக்குப் போட்டாலும் வீட்டுக்குத் தாராளம். 1978இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப் சானலுக்கு 20 வாட்தான். அதை வைத்து உலகம் முழுக்கப் பாட்டுக் கேட்டார்கள். சின்னப் பெட்டியில் பார்க்க வேண்டியது அடாப்டரின் தரம், ரிப்பேர் என்றால் யார் பார்ப்பார்கள், அவுட்புட்டில் உள்ள காயிலுக்குப் பிறகு ஃபீட்பேக் எடுத்திருக்கிறார்களா என்பது. எடுக்காத பெட்டியில் ஸ்பீக்கரின் ஓமுக்குத் தகுந்தபடி உச்ச ஸ்வரங்கள் கூடிக் குறையும். ஹைபெக்ஸ், பியூரிஃபை கம்பெனிகளின் ஆம்ப் மாட்யூல்கள் எந்த ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி ஒலிக்கக் காரணம் இந்த வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்திருப்பதுதான்.

சீரிஸ் பல்பு (குகை)

தம்பி காபிக்காடு, பழைய ஆம்ப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிகிறது என்றீர்கள். ஸ்டாண்ட்பைக்குத் தனி டிரான்ஸ்பார்மர் இல்லாத மாடல் என்றால் அந்த விளக்கு எரிவதே பெரிய டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருப்பதால்தான். ரிலே போடாதது அதன் கடமை. ஏதோ ஒரு சானலில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி டிசி வெளியே வந்திருக்கும், அதைப் பார்த்து ரிலே ஸ்பீக்கரைப் பிரித்து வைத்துவிட்டது. உங்கள் வூஃபர் தப்பித்தது இதனால்தான். ரிலே மட்டும் இல்லாதிருந்தால் 40, 50 வோல்ட் டிசி நேராகக் காயிலில் ஏறிப் புகைந்திருக்கும்.

என் மேஜைக்கு வரும் எந்த ஆம்ப்பையும் நேராகக் கரண்டில் போட மாட்டேன். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்துத்தான் ஆன் செய்வேன். பல்பு பளிச்சென்று எரிந்து, கெபாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கி, கடைசியில் இழை லேசாகச் சிவந்து நின்றால் பெட்டியில் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் ஷார்ட். உடனே அவுட்புட் டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பார்ப்பேன். மங்கினால் டிரான்ஸ்பார்மரும், ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜும் நல்லவை. இந்த ஒரு பல்பைப் போட்டுப் பார்க்காமல் ‘டிரான்ஸ்பார்மர் போச்சு’ என்று சொல்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஒரு பெட்டிக்குச் சாவுச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் மூடியைத் திறக்க வேண்டாமா?

சேலம் வரும்போது கொண்டுவாருங்கள். மலையிலிருந்து வரும் செட்களில் நான் வழக்கமாகப் பார்ப்பது: மூடுபனியில் ரிலே காண்டாக்ட் கருத்திருக்கும், வயர் சொருகும் ஆர்சிஏ சாக்கெட் பச்சை பூத்திருக்கும், காற்றுத் துளை வழியாகப் பல்லி உள்ளே போய் போர்டில் கருகிக் கிடக்கும். கெபாசிட்டர் மட்டும் அங்கே நன்றாக இருக்கும், குளிரில் அதற்கு ஆயுள் அதிகம். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். சேலம் வெயிலில் மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைத்த செட்டில் அது உப்பி நிற்கும்.

தறிச்சத்தம் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் செட்டில் டிரான்ஸ்பார்மர் என்ன? 5200-1943 ஒரிஜினல் தோஷிபாவா?

தறிச்சத்தம் (அம்மாபேட்டை)

24-0-24, 5 ஆம்பியர். இரண்டு சானலுக்கும் அது ஒன்றுதான். டிரான்சிஸ்டர் தோஷிபா என்றுதான் அச்சு இருக்கிறது, கடையில் கேட்டு வாங்கியது.

சீரிஸ் பல்பு (குகை)

24 ஏசியை டிசி ஆக்கினால் பிளஸ் மைனஸ் 33 வோல்ட் வரும். டிரான்சிஸ்டரில் 3 வோல்ட் போக 30. 30ஐ வர்க்கம் செய்து, இரண்டு மடங்கு ஓமால், அதாவது 16ஆல் வகுங்கள்: 56 வாட். போர்டில் எத்தனை ஜோடி டிரான்சிஸ்டர் நின்றாலும் 8 ஓமுக்கு அதற்கு மேல் வராது. ஆம்ப்பின் பலம் டிரான்ஸ்பார்மரில்தான். போலி டிரான்சிஸ்டர் மார்க்கெட்டில் கொட்டிக் கிடக்கிறது. அச்சு அசலாக இருக்கும், உள்ளே சில்லு கால் பங்கு. விலை ரொம்பக் குறைவாகச் சொன்னாலே சந்தேகப்படுங்கள். அப்புறம், உங்கள் செட்டில் ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று போட்டுவிடுங்கள். மேலே காபிக்காடு தம்பியின் வூஃபரைக் காப்பாற்றியது அதுதான்.

தறிச்சத்தம் (அம்மாபேட்டை)

56 வாட்டே எங்கள் தெருவுக்கு எடுபடுகிறது என்றால் 14க்கு 18 ஹாலுக்கு 200 எதற்கு? சரிதான். புரொடெக்‌ஷன் போர்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன் அண்ணா.

எர்த் குழி (அயோத்தியாப்பட்டணம்)

யாரும் கரண்டைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஆம்ப்பைக் கொன்றது கரண்ட். அதைச் சரிசெய்யாமல் லட்ச ரூபாய்க்கு வாங்கி வைத்தாலும் அடுத்த மழையில் இதே கதைதான்.

லோ வோல்டேஜை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய பாணி டிரான்ஸ்பார்மர் ஆம்ப்பில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால் 100 வாட் 68 வாட் ஆகும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. டெசிபலில் ஏறக்குறைய 1.7தான். அதனால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரில் உள்ளது போன்ற சப்ளை) உள்ள ஆம்ப்பில், பின்னால் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், 190இலும் பெரும்பாலும் முழு வாட் கிடைக்கும். 220–240 என்று மட்டும் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கெடுப்பது கரண்ட் திரும்பி வரும் நொடி. லைனில் இருந்த மோட்டார் எல்லாம் கழன்று கிடக்க, வோல்டேஜ் ஒரே தாவலில் மேலே போய், அப்புறம்தான் நிதானத்துக்கு வரும். ஃபிரிட்ஜுக்கு வைக்கிறோமே, டைம் டிலேவும் ஹை கட்-ஆஃபும் (வோல்டேஜ் எகிறினால் துண்டிப்பது) உள்ள ஸ்டெபிலைசர், அதையே ஆம்ப்புக்கும் வையுங்கள். ரிலே ரகம் ஒவ்வொரு படிக்கும் ‘டக் டக்’ என்று மாறும், பாட்டின் நடுவே கேட்கும். காசு இருந்தால் சர்வோ ரகம்.

இடிக்கு ஸ்டெபிலைசர் காவல் இல்லை. மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள். அதுவும் எர்த் நன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். சேர்வராயன் மலை பாக்சைட்டும் பாறையும்; எர்த் குழிக்கு ஈரம் பிடிக்காது. கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? கரியும் உப்பும் போட்டு எத்தனை காலம் ஆயிற்று? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ரெசிஸ்டன்ஸை அளக்கச் சொல்லுங்கள். எல்லாம் செய்த பிறகும், வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், டிஷ் கேபிளையும் சேர்த்து. இடி அந்த வழியாகவும் வரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகம் என்றால் ஆம்ப்பை அந்த லைனில் மாட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் உறுமும். சைன் வேவ் என்றால் பரவாயில்லை.

வீணை வகுப்பு (அஸ்தம்பட்டி)

நான் ஆம்ப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவள் இல்லை. பிள்ளைகளுக்குப் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டுகிறேன். வீணையில் ஒரு மீட்டு மீட்டினால் அந்த நாதம் தேய்ந்து தேய்ந்து போகும் கடைசி இடத்தில்தான் கமகம் இருக்கிறது. அங்கே ஆம்ப்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் இருந்தால் எத்தனை வாட் இருந்து என்ன பயன்? பெரிதாகக் கேட்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். மெல்லக் கேட்பதற்கு எந்த ஆம்ப் நல்லது?

என் வீட்டில் அந்த ‘ம்ம்ம்’ இருந்தது. செட்டாப் பாக்ஸின் கேபிளைக் கழற்றியதும் நின்றுவிட்டது. ஏன் என்று இன்றும் புரியவில்லை.

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

டீச்சர், இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. டிஷ் கேபிளின் உறை வழியாக ஒரு எர்த், ஆம்ப்பின் பிளக் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆர்சிஏ வயரின் உறையில் ஓடி ‘ம்ம்ம்’ ஆகிறது. கேபிளைக் கழற்றியதும் வட்டம் அறுந்துவிட்டது. சிலர் இதற்காக ஆம்ப்பின் எர்த் பின்னை ஒடித்துவிடுவார்கள். உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டால் ஷாக் அடித்து ஆளையே கொல்லும். அதை யாரும் செய்யாதீர்கள்.

மெல்லக் கேட்பதற்குப் பார்க்க வேண்டியது கெயின், அதாவது உள்ளே வரும் வோல்டேஜை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது. காபிக்காடு அண்ணாவுக்கும் இதுதான். பிரீ ஆம்ப் உச்சத்தில் 2 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 வாட் ஆம்ப்புக்கு 8 ஓமில் 25 வோல்ட் வேண்டும். 13 மடங்கு பெருக்கினால் போதும், 22 டெசிபல். மார்க்கெட்டில் பெரும்பாலானவை 26இலிருந்து 29 வரை இருக்கும். கெயின் கூடக் கூட பிரீ ஆம்ப்பின் ‘உஸ்ஸ்’ சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கும், வால்யூம் குமிழும் கடிகார முள் கணக்கில் எட்டு மணி, ஒன்பது மணிக்கு மேல் போகாது. இரண்டு ஆம்ப்பில் குழப்பம் என்றால் கெயின் குறைந்ததை, அல்லது பின்னால் கெயின் மாற்றும் வசதி உள்ளதை எடுங்கள்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ட்வீட்டரிடம் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதைக் கொண்டுபோங்கள். ஒரு அடி தள்ளியும் ‘உஸ்ஸ்’ கேட்டால் வேண்டாம்.

காபிக்காடு (நாகலூர், ஏற்காடு)

அளந்துவிட்டேன். பக்கத்து எஸ்டேட் நண்பரிடம் 40 வாட் இன்டகிரேட்டட் ஒன்று கிடைத்தது. நான் வழக்கமாகக் கேட்கும் அளவில் மீட்டர் 2.9 வோல்ட். நான்கால் பெருக்கி, வர்க்கம் செய்து, 6ஆல் வகுத்தால் 22 வாட். மச்சானைக் கூப்பிட்டு, தவில் தனியாவர்த்தனத்தைப் போட்டு, அவர் கையாலேயே ஏற்றச் சொன்னேன். 4.1 வோல்ட், 45 வாட். அதற்கு மேல் சமையலறையிலிருந்து சத்தம் வந்துவிட்டது. ஓட்டில் மழை கொட்டும்போதுகூட 45ஐத் தாண்டத் தேவையில்லை.

அப்படியானால் 80 வாட்டா, 100 வாட்டா? பழைய ஜப்பான் ஆம்ப் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் இருப்பதாக நண்பர் சொல்கிறார். கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1002 ஆம்ப் புதிதாகவே கிடைக்கும் என்கிறார்.

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

45க்கு மேல் ஒரு 3 டெசிபல் கையிருப்பு வையுங்கள், 6 ஓமுக்கு 90. பெட்டியில் 8 ஓமுக்கு 80 என்றும் 4 ஓமில் அதைவிடக் கூடுதலாகவும் போட்டிருக்கும் எதுவும் சரி. 200 வேண்டாம்.

ஜப்பான் ஆம்ப் நல்ல சரக்காகவே இருக்கும், ஆனால் அந்த நாட்டுக்கென்று செய்தது 100 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் பிளக்கில் போட்டால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் போட்டாலும் உங்கள் 190 வோல்ட்டில் அதற்குக் கிடைப்பது 83. இந்த வீட்டுக்கு வேண்டாம்.

கிரவுன் மேடைக்குச் செய்தது. 8 ஓமுக்கு 215 வாட், இன்புட்டை 1.4 வோல்ட்டுக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது, விலைக்கு நிறையக் கொடுக்கிறான். ஆனால் உள்ளே விசிறி. ராத்திரி ஏற்காட்டு அமைதியில் ஆலாபனை கேட்பவருக்கு அந்த விசிறி காதில் விழும். சேலம் டவுனில் இருந்தால் நானே அதை வாங்கச் சொல்லியிருப்பேன்.

என் தேர்வு: ஹைபெக்ஸ் மாட்யூல் உள்ள, விசிறி இல்லாத கிளாஸ் டி (டிபிஏ3255 போல டிரான்சிஸ்டர் வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் வகை), பின்னால் 100–240 என்ற அச்சு, ரிப்பேருக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ ஆள். பழைய பாணி ஏபி வகைதான் பிடிக்கும் என்றால் அதுவும் குறையில்லை, சர்வோ ஸ்டெபிலைசர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

புது ஆள் (சூரமங்கலம்)

கிளாஸ் டியில் தவில் உயிரோடு கேட்குமா? டிஜிட்டல் மாதிரி வறட்சியாக இருக்கும் என்கிறார்களே.

இரண்டு சானல் (ஃபேர்லேண்ட்ஸ்)

டி என்பது டிஜிட்டல் இல்லை, வகைக்கு வைத்த எழுத்து. ஏ, பி, சிக்குப் பிறகு வந்தது. ஆரம்பத்தில் வந்தவை வறட்சியாகத்தான் இருந்தன. புரூனோ பட்ஸீஸ் என்ற இன்ஜினியர் ஃபிலிப்ஸில் செய்த யூசிடி வடிவமைப்புக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒப்பிட்டுக் கேட்பதென்றால் இரண்டு ஆம்ப்பையும் மீட்டர் வைத்து ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூட இருப்பதுதான் காதுக்கு ‘நல்லதாக’ தோன்றும், எந்தக் காதுக்கும்.

சீரிஸ் பல்பு (குகை)

காபிக்காடு தம்பியின் பழைய ஆம்ப் மேஜைக்கு வந்துவிட்டது. பல்பு முழு வெளிச்சம். வலது சானல் அவுட்புட் ஜோடியைக் கழற்றியதும் மங்கிவிட்டது. டிரான்ஸ்பார்மர் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறது. போனது அந்த ஜோடி, இரண்டு எமிட்டர் ரெசிஸ்டர், ஒரு டிரைவர். ரிலே காண்டாக்ட் கருத்திருக்கிறது, அதையும் மாற்றுகிறேன். புது ஆம்ப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஒரிஜினல் டிரான்சிஸ்டர் வரச் சில நாள் ஆகும்.

காபிக்காடு (நாகலூர், ஏற்காடு)

ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் புதிதாக ஹைபெக்ஸ் கிளாஸ் டி மலைக்கு, பழையது சரியானதும் சேலத்தில் அப்பா வீட்டுக்கு. அங்கே வோல்டேஜ் ஒழுங்காக இருக்கிறது, அவருக்கும் கேட்க ஒன்று வேண்டும். எர்த் குழிக்கு நாளையே ஆள் வருகிறார். ஸ்டெபிலைசர் சொல்லிவிட்டேன். புது ஆம்ப் வந்ததும் ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் எதையாவது பார்க்க வேண்டுமா?

சீரிஸ் பல்பு (குகை)

புதுப் பெட்டியாக இருந்தாலும் பார்த்துவிட்டே மாட்டுங்கள். இரண்டு சானலை ஒன்றாக்கும் பிரிட்ஜ் சுவிட்ச் இருந்தால் ஸ்டீரியோவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சானலிலும் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சேசிஸைத் தொட்டு அளக்காதீர்கள். கிளாஸ் டியில் சிலதில் மைனஸ் டெர்மினலிலும் வோல்டேஜ் நிற்கும், இரண்டு சானலின் மைனஸை ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது. காற்றுத் துளைக்குப் பின்னால் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், பல்லிக்கு. கிளாஸ் டி குறைவாகத்தான் சூடாகும், ஆனாலும் வலையில் தூசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.